வரியை எதிர்த்து நாடு வாங்கியவர்கள் வரிக்காகச் சுட்டது ஏன்?

நீங்கள் கேட்டது இது: தேயிலை வரியை எதிர்த்து பிரிட்டிஷ் மன்னரையே உதறித்தள்ளிய அமெரிக்கர்கள், சுதந்திரம் கைக்கு வந்து நாலு வருடத்துக்குள் வரி கட்ட முடியாத தங்கள் சொந்த விவசாயிகள் மேல் பீரங்கி வைத்துச் சுட்டது எப்படி? 1786-87இல் மாசசூசெட்ஸ் மாநில விவசாயிகள் செய்த டேனியல் ஷேஸ் கலகத்துக்குப் பயந்துதான் அரசியல் சாசனத்தையே எழுதினார்களா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, 'மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களை ஏமாற்றிவிட்டார்களா' என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் நடத்தியவன் நான். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதைவிட, ஒரு காகிதம் யார் யார் கைக்குப் போனது என்று பார்ப்பது நல்லது என்பது என் அனுபவம். அந்தக் காகிதம் சுதந்திரப் போர்க்காலக் கடன் பத்திரம்.

போர் நடந்தபோது சிப்பாய்க்குக் கொடுக்கக் காசு இல்லை. அச்சடித்த பணத்தாள் மதிப்பிழந்துபோனது. அதனால் சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவனுக்கு விதை வாங்க வேண்டும், மாடு வாங்க வேண்டும். 'என்றைக்காவது தருவோம்' என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வந்த விலைக்கு, பெரும்பாலும் முகமதிப்பில் சிறு பங்குக்கு, வியாபாரிகளிடம் விற்றான். மாசசூசெட்ஸில் அப்படி விற்கப்பட்ட பத்திரங்கள் பாஸ்டனிலும் அதைச் சுற்றியும் இருந்த பணக்காரர்கள் கையில் போய்க் குவிந்தன. அப்புறம் மாசசூசெட்ஸ் சட்டமன்றம், இந்தக் கடனைத் தாராளமான மதிப்பில், வட்டியோடு, சீக்கிரமாக அடைப்பது என்று முடிவெடுத்தது. அதற்குப் பணம் வரியிலிருந்து வர வேண்டும். அந்த வரியில் கணிசமான பங்கு தலைவரி. நிலம் எவ்வளவு இருந்தாலும், 16 வயது தாண்டிய ஒவ்வொரு ஆணுக்கும் ஒரே தொகை. அதையும் தங்கம் வெள்ளி நாணயமாகக் கட்ட வேண்டும். ஆக, பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற அதே சிப்பாய், அதை வாங்கியவருக்கு முழு விலை கிடைப்பதற்காக வரி கட்ட வேண்டியவன் ஆனான்.

நாணயமோ உள்நாட்டில் கிடையாது. சுதந்திரம் கிடைத்த கையோடு பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடிவிட்டது; விற்று நாணயம் சம்பாதிக்கும் வழி அடைபட்டது. லண்டன் வியாபாரி பாஸ்டன் மொத்த வியாபாரியிடம் பாக்கியைக் கேட்டான், அவன் உள்ளூர்க் கடைக்காரனிடம் கேட்டான், கடைக்காரன் விவசாயியிடம் வந்து நின்றான். மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயி அதுவரை கடைக்காரனுக்குத் தானியமாகவும் இறைச்சியாகவும் உடலுழைப்பாகவும் கணக்கைத் தீர்த்துவந்தவன். திடீரென்று 'காசாக வை' என்றால்? வழக்கு, தீர்ப்பு, ஜப்தி, ஏலம். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஏலம் விட்டால், கையில் நாணயம் உள்ளவர்கள் யாரும் இல்லாத ஊரில் அது என்ன விலைக்குப் போகும்? அதுவும் போதவில்லை என்றால் கடனுக்காகச் சிறை. அந்தக் காலத்தில் ஒரு விவசாயி சொன்னதாகப் பதிவாகியிருக்கும் புலம்பல் ஒன்று உண்டு: போரில் என் பங்குக்கு மேலேயே செய்தேன், அந்த வரி இந்த வரி என்று எல்லா வரியையும் என் தலையில் சுமத்தினார்கள், ஷெரீஃபும் வசூல்காரனும் இழுத்து அலைக்கழித்தார்கள், என் மாடுகள் பெறுமானத்துக்குக் குறைவாக விற்கப்பட்டன என்று. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது.

அவர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. முதலில் மனு மேல் மனு. ஆகஸ்ட் 1786இல் ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி, குறைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள்: காகிதப் பணம் வெளியிடாதது, கோர்ட் செலவு, சட்டமன்றம் பாஸ்டனில் கூடுவது, மேலவை என்ற ஒன்று இருப்பது. அதே தீர்மானத்தில், கும்பல் சேர்ந்து கலவரம் செய்யாதீர்கள் என்றும் எழுதினார்கள். ஆனால் ஆகஸ்ட் 29ஆம் தேதி நார்தாம்ப்டனில் ஏறக்குறைய 1,500 பேர் திரண்டு கோர்ட்டைக் கூடவிடாமல் செய்துவிட்டார்கள். காரணம் எளிது. கோர்ட் கூடாவிட்டால் தீர்ப்பு இல்லை, தீர்ப்பு இல்லாவிட்டால் ஜப்தி இல்லை.

அடுத்த வாரம் வூஸ்டரில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீதிபதி ஆர்ட்டிமஸ் வார்ட் கோர்ட்டுக்கு வருகிறார். சாதாரண ஆள் இல்லை. வாஷிங்டன் வந்து பொறுப்பேற்பதற்கு முன் பாஸ்டன் முற்றுகையில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல். வாசலில் துப்பாக்கிக் கத்திகளை நீட்டிக்கொண்டு நின்றவர்களில் அந்தப் போருக்குப் போய்வந்தவர்களும் இருந்தார்கள். வார்ட் படியில் நின்று நீளமாகப் பேசிப் பார்த்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வழி மட்டும் விடவில்லை. இதே வூஸ்டரில், 1774 செப்டம்பரில், மன்னரின் நீதிபதிகள் கோர்ட்டைக் கூட்டவிடாமல் 4,000க்கும் அதிகமான ஊர்ப்படையினர் தெருவின் இரு பக்கமும் அணிவகுத்து நின்று, அந்த நீதிபதிகளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடக்கவைத்திருந்தார்கள். அன்றைக்கு அது தேசபக்தி. பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஊர், அதே முறை, இப்போது அது கலகம். விவசாயிகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். அரசு ஊர்ப்படையைக் கூப்பிட்டபோது படையே வர மறுத்தது அல்லது எதிர்ப்பக்கம் போய் நின்றதற்கும் இதுதான் காரணம். கிரேட் பாரிங்டனில், கோர்ட் கூடலாமா கூடாதா என்று படையினரையே சாலையின் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கச் சொன்னபோது, மிகப் பெரும்பான்மையோர் கூடாது என்ற பக்கம் போய்விட்டார்கள்.

இதற்கு எதிர்த்தரப்பின் பதில் என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னவர் சாமுவேல் ஆடம்ஸ், 1770களில் பாஸ்டன் தெருக்களைத் திரட்டிய அதே மனிதர். கூட்டத்தைக் கலைக்கவும் சிறையில் தள்ளவும் வகைசெய்த கலவரத் தடுப்புச் சட்டத்துக்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் வாதம் இது: மன்னராட்சியில் கலகக்காரனை மன்னிக்கலாம், அங்கே அவனுக்கு வேறு வழியில்லை, ஆனால் குடியரசின் சட்டத்துக்கு எதிராகக் கிளம்புபவன் சாக வேண்டியவன். ஏனென்றால் வருடா வருடம் தேர்தல் நடக்கிறது, பிடிக்காதவனை வாக்குப் போட்டு மாற்றலாமே. இதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தேர்ந்தெடுத்த அரசையும் ஆயுதம் காட்டித்தான் திருத்துவோம் என்றால் தேர்தல் எதற்கு?

ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு வாக்கு உண்மையிலேயே எடுபட வேண்டும். மாசசூசெட்ஸின் 1780ஆம் வருடச் சாசனப்படி வாக்களிக்கவே குறைந்தபட்சச் சொத்து வேண்டும். கவர்னராக நிற்க 1,000 பவுண்டு மதிப்புள்ள நிலம் வேண்டும். மேலவை இடங்களைப் பிரித்தது மக்கள்தொகையை வைத்து அல்ல, அந்தந்த மாவட்டம் கட்டிய வரியை வைத்து. அதாவது பணம் அதிகம் உள்ள பகுதிக்கு இடமும் அதிகம். மேற்கே இருந்த சின்ன ஊர்கள் பலவற்றுக்கு, ஒரு பிரதிநிதியை பாஸ்டனுக்கு அனுப்பிச் செலவு செய்யவே வசதியில்லை; அனுப்பாமல் விட்டார்கள். ஹாட்ஃபீல்ட் பட்டியலில் மேலவையும் பாஸ்டனும் ஏன் இருந்தன என்பது இப்போது புரியும். கதவு திறந்திருக்கிறது என்று ஆடம்ஸ் சொன்னது பொய்யில்லை; ஆனால் அந்தக் கதவு ரொம்பக் குறுகல்.

ஷேஸைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ஹாம் என்ற மலையூர் விவசாயி. சுதந்திரப் போரில் பங்கர் ஹில், சாரடோகா என்று சண்டை பார்த்து கேப்டன் ஆனவர். பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் அன்பளிப்பாகக் கொடுத்த வாளைப் பணமுடையில் விற்றவர் என்று எதிரிகள் அவரை இகழ்ந்தார்கள். எனக்கு அது இகழ்ச்சியாகத் தெரியவில்லை. கலகத்துக்குத் தலைவர் நான் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், அதை நம்பலாம். லூக் டே, ஈலை பார்சன்ஸ், ஜோப் ஷாட்டக் என்று ஆங்காங்கே தனித்தனித் தலைவர்கள் இருந்தார்கள். பாஸ்டனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, ஷேஸ் கிடைத்தார்.

கவர்னர் ஜேம்ஸ் பௌடனிடம் படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பாஸ்டன் வியாபாரிகள் நூற்றுச் சொச்சம் பேர் சந்தா போட்டு, ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் தலைமையில் ஒரு படையைத் திரட்டிக் கொடுத்தார்கள். பத்திரம் கையில் வைத்திருந்தவர்களும் இந்தச் சந்தாக்காரர்களும் பெருமளவு ஒரே வட்டத்து ஆட்கள் என்பதை மறக்க வேண்டாம். 1787 ஜனவரி 25ஆம் தேதி, பனியில், ஷேஸின் ஆட்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தார்கள். மறுபக்கமிருந்து வரவேண்டிய லூக் டே, ஒரு நாள் தள்ளி வருகிறேன் என்று எழுதியனுப்பிய சீட்டு வழியில் பிடிபட்டுவிட்டது. கிடங்கைக் காத்த வில்லியம் ஷெப்பர்ட் முதலில் தலைக்கு மேலே சுடவைத்தார், நிற்கவில்லை. பிறகு கூட்டத்துக்குள் சிதறுகுண்டு. நாலு பேர் செத்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். பத்து நாள் கழித்து லிங்கன் பனிப்புயலில் இரவெல்லாம் நடந்து பீட்டர்ஷாமில் அவர்களைக் காலையில் மடக்கினார். அதோடு முதுகெலும்பு முறிந்தது. கடைசியில் தூக்கிலிடப்பட்டவர்கள் இரண்டு பேர், அதுவும் திருட்டுக் குற்றத்துக்காக. ஷேஸுக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகத்துக்கு இடமுள்ளவை இரண்டு. ஒன்று, இது கடனாளிகளின் கலகமா? மேலே நான் சொன்ன கதை அப்படித்தான் போகிறது, பாடநூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் மன்னிப்புக்காக விசுவாசப் பிரமாணம் எடுத்த ஏறக்குறைய 4,000 பேரின் பெயர்கள் அரசு ஆவணத்தில் இருக்கின்றன. அவற்றை ஊர்வாரியாகக் கடன் வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வில், கடன் அதிகமுள்ள ஊரில்தான் கலகக்காரர்களும் அதிகம் என்று வரவில்லை. வசதியான குடும்பத்துக்காரர்களும் இருந்தார்கள். சில ஊர்களில் உறவுமுறையாகக் கூண்டோடு கிளம்பியிருக்கிறார்கள். என் கணிப்பில், வரியும் அரசின் அமைப்பும்தான் அவர்களை ஒன்றுசேர்த்தன, தனிப்பட்ட கடன் அதற்கு எண்ணெய் ஊற்றியது. இன்னொன்று, ஆயுதக் கிடங்கைப் பிடித்து பாஸ்டன் மேல் படையெடுக்கத் திட்டமா, அல்லது வரப்போகும் லிங்கனிடமிருந்து தப்பிக்க ஆயுதம் தேடினார்களா? இதற்கு நம்மிடம் உள்ள சாட்சிகளில் பெரும்பாலானவை எதிர்த்தரப்பு எழுதியவை. தீர்மானமாகச் சொல்பவர்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள்.

சரி, அரசியல் சாசனம். தேதிகளைப் பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும். வாணிபச் சிக்கல்களைப் பேச அனாபொலிஸில் ஐந்து மாநிலப் பிரதிநிதிகள் கூடி, அடுத்த மே மாதம் பிலடெல்ஃபியாவில் பெரிய மாநாடு வேண்டும் என்று கேட்டது செப்டம்பர் 1786. அப்போது கோர்ட்டுகள் மூடப்படத் தொடங்கியிருந்தன, அவ்வளவுதான். சாசனத்துக்கு முன்னின்ற அரசியல் தலைவர்களான மாடிசனும் ஹாமில்டனும் மைய அரசுக்கு வரிவிதிக்கும் அதிகாரம் வேண்டும் என்பதைப் பல வருடமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக, ஷேஸ் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு மாநாடு நடந்திருக்கும். கலகம் செய்தது என்னவென்றால், தயங்கியவர்களைத் தள்ளிவிட்டது. போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ் அக்டோபரில் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: சொத்து எல்லாருக்கும் பொது என்பதே இவர்கள் கொள்கை, நியூ இங்கிலாந்து முழுக்கச் சேர்த்தால் 12,000 முதல் 15,000 பேர் வரை திரளுவார்கள் என்று. கலகக்காரர்களின் மனுக்களில் சொத்தைப் பங்குபோடு என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் ஓய்வாக இருந்த வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது மனுக்கள் அல்ல, நாக்ஸின் கடிதம். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவர் பிலடெல்ஃபியாவுக்குப் போயிருக்க மாட்டார் என்று சிலர் சொல்வது மிகை. மாடிசனும் வர்ஜீனியா கவர்னர் ராண்டால்ஃபும் விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கலங்கிப்போனது உண்மை, அவர் கடிதங்களே சொல்கின்றன. பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் மட்டும், அவ்வப்போது ஒரு சின்னக் கலகம் நல்லதுதான் என்று மாடிசனுக்கு எழுதினார். அவ்வளவு தூரத்தில் இருந்தால் அப்படி எழுதுவது சுலபம்.

சாசனத்தின் உள்ளே கலகத்தின் தடத்தைத் தேடினால், கிளர்ச்சியை அடக்க ஊர்ப்படையைக் கூப்பிடும் அதிகாரத்தையே எல்லாரும் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவு. எந்த மாநிலமும் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, தங்கம் வெள்ளி தவிர வேறெதையும் கடனடைக்கச் செல்லுபடியாக்கக் கூடாது, ஒப்பந்தங்களைப் பலவீனப்படுத்தும் சட்டம் போடக் கூடாது. விவசாயிகள் மனு எழுதிக் கேட்ட நிவாரணங்களில் முக்கியமானவற்றை எந்த மாநிலமும் இனிக் கொடுக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். இதில் மாசசூசெட்ஸைவிட ரோட் தீவுக்குப் பங்கு அதிகம் என்பேன். அங்கே விவசாயிகள் கலகம் செய்யவில்லை, தேர்தலில் ஜெயித்து 1786இல் காகிதப் பணத்தை அச்சடித்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர்களை அதிகம் நடுங்கவைத்தது துப்பாக்கியா வாக்கா என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். மாசசூசெட்ஸ் இந்தச் சாசனத்தை 187க்கு 168 என்ற மெல்லிய வித்தியாசத்தில்தான் ஏற்றது. எதிர்த்தவர்களில் மேற்கு ஊர்க்காரர்கள் நிறைய.

ஆனால் அந்த மாநிலத்திலேயே ஆடம்ஸின் வாதமும் ஒரு முறை பலித்தது. 1787 வசந்தகாலத் தேர்தலில் பௌடன் படுதோல்வி. ஜான் ஹான்காக் பெருவாரியாக ஜெயித்து வந்தார். புதிய சட்டமன்றம் வரியைத் தளர்த்தியது, கடனாளிகளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது, தண்டனைகள் கரைந்தன.

பத்திரம் மட்டும் அழியவில்லை. 1790இல் நிதிச் செயலராக இருந்த ஹாமில்டன் தேசியக் கடனை முகமதிப்பிலேயே அடைப்பது, மாநிலங்களின் போர்க் கடனையும் மைய அரசே ஏற்பது என்று திட்டம் போட்டார். முதலில் சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் பெற்ற சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்று மாடிசன் கேட்டார். காங்கிரஸின் கீழவையில் அது 36க்கு 13 என்று தோற்றது. யார் எப்போது விற்றார் என்று கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாது என்ற ஹாமில்டனின் மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. மாசசூசெட்ஸ் விவசாயியின் தோளிலிருந்து பாரம் இறங்கியது. வேறு இடத்தில் ஏறியது. பெரும்பகுதி இறக்குமதித் தீர்வை. மிச்சத்துக்கு 1791இல் விஸ்கி வரி.

மேற்கு பென்சில்வேனியாவில் விஸ்கி குடிக்க மட்டும் அல்ல, அது அங்கே பணம். அந்தக் காலக் கணக்குப்படி மலை தாண்டிப் போகும் ஒரு குதிரை 4 புஷல் (தானியம் அளக்கும் ஓர் அளவு) ரை தானியம் சுமக்கும். காய்ச்சி வடித்தால் 24 புஷலின் சாரத்தைச் சுமக்கும். அந்த வரியையும் காசாகத்தான் கட்ட வேண்டும், பெரிய வடிப்பாலைக்குச் சிறியதைவிடச் சலுகை, வழக்கு வந்தால் 300 மைல் தள்ளி பிலடெல்ஃபியா கோர்ட். பழைய கதை அப்படியே. ஜூலை 1794இல் வரி ஆய்வாளர் ஜான் நெவிலின் வீடு எரிக்கப்பட்டது, முற்றுகையிட்டவர்களின் தலைவர் ஜேம்ஸ் மெக்ஃபார்லேன் குண்டடிபட்டு இறந்தார். அவரும் சுதந்திரப் போர் வீரர்தான். இந்த முறை வியாபாரிகளின் சந்தா தேவைப்படவில்லை. வாஷிங்டன் கிட்டத்தட்ட 13,000 பேரைத் திரட்டி, பெட்ஃபோர்ட் வரை தானே உடன் போனார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளில்லை. தேசத்துரோகக் குற்றம் உறுதியானது இரண்டே பேருக்கு, இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார்.

அந்த வட்டாரத்தின் ஆரம்ப எதிர்ப்புக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதியவர் ஆல்பர்ட் காலட்டின். 1794இல், ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று கூட்டத்தின் முன்னால் நின்று சொன்னவரும் அவரே. ஜெஃபர்சன் அதிபரானபோது இவர் நிதிச் செயலர் ஆனார், 1802இல் விஸ்கி வரி ரத்தானது. ஏமாற்றினார்களா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரான பதில் இதில் இருக்கிறது: வரியை வாக்கால் எடுக்க முடிந்தது, பத்திரத்தை யாராலும் தொட முடியவில்லை. பத்திரம் வைத்திருந்தவர்களுக்குச் சேரவேண்டியதைக் காலட்டினும் துறைமுகத் தீர்வையிலிருந்து தவணை தவறாமல் கட்டிக்கொண்டேதான் இருந்தார்.